எர்த் வயரை வெட்டிவிட்டுப் பஸ் ஏறிய நாள்

போன வாரம் நம் மைக் செட் கடைப்பக்கம் வந்திருந்தேன். ஒரு தம்பி வந்து, வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்ய ஒரு ரூம் போடப்போகிறேன், என்ன மைக் வாங்கலாம் என்று உங்களிடம் கேட்டார். நீங்கள் நாலு பேரும் ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தீர்கள். இது வெளிநாட்டு மைக், இது மூச்சு விட்டால்கூடப் பிடிக்கும், இது சினிமாவுக்குப் போடுவது என்று ஒரே கூப்பாடு. "உங்க ஊட்டு ப்ளக் பாயின்ட்டுல எர்த் இருக்குதுங்களா?" என்று ஒருத்தராவது கேட்டீர்களா? வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தீர்கள்?

கல்லாவில் என் மருமகன் உட்கார்ந்திருந்தார். கடையை அவரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கின மனுஷன் நான், அவர் முன்னால் உங்களைத் திட்டுவது மரியாதையில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்தும் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். என் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லப்போகிறேன் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். இது நான் ஒரு பொம்பளைப் பிள்ளையைக் கொல்லப் பார்த்த கதை.

கடையை விட்டு ஒதுங்குவதற்கு ஒரு வருஷம் முன்னால் நடந்தது. கொல்லிமலையில், திருப்புலி நாட்டுப் பக்கம் இருந்து புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர் சேந்தமங்கலத்துக்கு இறங்கி நம் கடைக்கு வந்தார்கள். புருஷன் பெயர் வெள்ளையன். மிளகும் மரவள்ளியும் போடுகிறவர். பெண்டாட்டி ரஞ்சிதம். முப்பது வயது இருக்கும். அவளுக்கு நல்ல குரல். கோயில் பாட்டு, நாற்று நடவுப் பாட்டு எல்லாம் பாடி போனில் பிடித்துப் போட்டிருக்கிறாள். ஆயிரக்கணக்கான பேர் கேட்டிருக்கிறார்கள். ஆனால் போனில் பிடித்தால் பாட்டைவிடக் காற்றும் கோழியும்தான் அதிகம் கேட்கிறது. வீட்டில் ஒரு ரூமை ஒதுக்கி, முறையாகப் பதிவு செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டாள். கையில் ஒரு நீளமான பட்டியலும் வைத்திருந்தாள்.

பட்டியலில் முதலில் இருந்தது கண்டென்சர் மைக். அதாவது, எட்டி நின்று பாடினாலும் இழுத்துக்கொள்கிற மைக். நான் பட்டியலைப் பார்த்துவிட்டு, "ரூமுக்கு மேல என்ன போட்டிருக்குது கண்ணு?" என்று கேட்டேன்.

"தகரங்க பாய்."

"அப்ப இது ஆகாது. மழை பேஞ்சா உன் பாட்டு இருக்காது, தகரந்தான் பாடும். இந்தா, இதப் புடி. கையில புடிச்சுப் பாடற மைக். ஆனா ஒண்ணு, உதடு படற மாதிரி கிட்ட வெச்சுப் பாடோணும். எட்ட வெச்சா கேக்காது."

சரியான யோசனைதான். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். அடுத்ததாகப் பட்டியலில் பெரிய ஸ்பீக்கர் ஜோடி இருந்தது. அவர்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு பழைய ஆம்ப்ளிஃபையர் இருந்தது. பண்டிகைக்கு ரேடியோ செட் கட்டுவதற்காக வெள்ளையனின் அண்ணன் வாங்கிப் போட்டது. "அதுவே போதும், எதுக்கு வீண் செலவு" என்று நானே தடுத்துவிட்டேன். கஸ்டமருக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. அந்த ஆம்ப்பை நான் கண்ணால்கூடப் பார்த்திருக்கவில்லை. மலையில் பனி எல்லாப் பெட்டிக்குள்ளும் போய் உட்காரும், டிரான்ஸ்ஃபார்மர் நமுத்துப்போகும் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். பெருமை பேசும்போது தெரிந்தது எல்லாம் மறந்துபோகும்.

சத்தத்தைக் கூட்டிக் குறைத்துப் பதிவும் செய்கிற மிக்ஸர் ஒன்று, அந்த மைக், ஹெட்ஃபோன், வயர்கள் என்று எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் நானே மலையேறினேன். மலை மேலே பஸ் நிற்கிற செம்மேட்டில் வெள்ளையன் மொபெட்டோடு நின்றுகொண்டிருந்தார். வீட்டில் அந்த ரூம் சின்னது, சிமென்ட் தரை. பேசினால் சுவருக்குச் சுவர் எதிரொலித்தது. "ஊட்டுல இருக்கற சமுக்காளத்தையெல்லாம் கொண்டாங்க" என்றேன். மூன்று சமுக்காளத்தைத் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தோம். எதிரொலி அடங்கிவிட்டது. ரஞ்சிதத்துக்குக் கைதட்டாத குறை.

எல்லாவற்றையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் சொருகிப் போட்டேன். போட்டதும் ஸ்பீக்கரில் "கொர்ர்ர்" என்று இரைச்சல். வயரை மாற்றினேன். இருந்தது. மிக்ஸரை நகர்த்தினேன். இருந்தது. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது, மழை வரப்போகிறது. செம்மேட்டில் மூன்று மணி பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு வெகு நேரம் காத்திருக்க வேண்டும். எனக்குப் பொறுமை போய்விட்டது.

அப்போது நான் செய்ததைத்தான் நீங்கள் யாரும் செய்யக் கூடாது. ஜங்ஷன் பாக்ஸின் ப்ளக்கைக் கழற்றி, எர்த்துக்குப் போகிற பச்சை வயரைக் கட்டிங் பிளையரால் நறுக்கிவிட்டேன். திரும்பச் சொருகினேன். இரைச்சல் கப்சிப். வெள்ளையன் வாயைப் பிளந்துகொண்டு, "கைராசிங்க பாய் உங்களுக்கு" என்றார்.

நம் தொழிலில் இந்தக் குறுக்குவழியை அறியாதவர் யாரும் இல்லை. பாதிப் பேர் செய்திருப்பார்கள், கேட்டால் இல்லை என்பார்கள். இரைச்சல் ஏன் வந்தது? அந்த நமுத்த ஆம்ப்பிலிருந்து கரண்டு கசிந்து, எர்த் வழியாக மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் அந்த வழியை அடைத்துவிட்டேன். இனிமேல் அது போவதற்கு இடமில்லாமல் ஆம்ப்பின் மேலும், மிக்ஸரின் மேலும், கடைசியாக அந்த மைக்கின் மேலும் போய் நிற்கும். யாராவது ஈரக்காலோடு தொடுகிறவரைக்கும் நிற்கும்.

கிளம்பும்போது வெள்ளையன் மைக்கை எடுத்து வைத்தவர், கையை உதறினார். "விரல்ல சுருக்குன்னுச்சுங்க."

நான் செருப்பை மாட்டிக்கொண்டே, "புது சாமான் அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாயிடும்" என்றேன். அடுத்து இன்னொரு புத்திமதியும் சொன்னேன். "ரெக்கார்டிங் பண்றப்ப எல்லாப் போனையும் ஆஃப் பண்ணிப் போடுங்க. இல்லாட்டி மைக்குல கீ கீன்னு கேக்கும்."

பஸ் செம்மேட்டை விட்டுக் கிளம்பும்போதே மழை பிடித்துவிட்டது. எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு அம்மா, மடியில் பலாச்சுளைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். வெள்ளையன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறவர். "நீங்கதானுங்களே நம்ம ரஞ்சிதத்துக்கு மைக்கு கொண்டாந்து குடுத்த பாய்?" என்று தானே பேச்சைத் தொடங்கினார்.

"ஆமாங்கம்மா."

"இன்னிக்கே பாடப் போகுதுங்க புள்ள. மொதப் பாட்டு சாமி பாட்டுத்தானுங்க. நான் கெளம்பறப்பவே தலைக்குத் தண்ணி ஊத்தப் போயிருச்சு. சாமிக்குப் பாடறதுன்னா ஈரச் சேலையோடதானுங்க நின்னு பாடோணும்."

"ரூமுக்குள்ள சமுக்காளம் விரிச்சிருக்குதுங்களே, அது மேலதானே நிப்பாங்க?" என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிடு தாயே என்று மனசு கெஞ்சியது.

அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். "அதெப்படிங்க? பத்துப் பேரு மிதிச்ச துணி மேல நின்னு சாமியப் பாடலாங்களா? அதயெல்லாம் சுருட்டி வெளிய போட்டுட்டு, தரையக் கழுவிட்டு, வெறுங்காலோடதானுங்க நிக்கோணும்."

யா அல்லாஹ். கழுவின சிமென்ட் தரை. வெறுங்கால். ஈரச் சேலை. உதடு படும்படி மைக். ஒவ்வொன்றாக நானே எடுத்து அடுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். வெள்ளையன் கையை உதறினது கண் முன்னால் திரும்பத் திரும்ப வந்தது. சமுக்காளத்தின் மேல் நின்ற காய்ந்த காலுக்கே சுருக்கென்றிருக்கிறது.

போனை எடுத்தேன். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. எழுந்து தட்டுத்தடுமாறி டிரைவரிடம் போனேன். "அண்ணா, வண்டிய நிறுத்துங்க, நான் மேல போகோணும்."

"என்னுங்க பாய், அறுபத்திரண்டாவது வளைவுல எறக்கி உட்டுட்டு நான் போறதுங்களா? இந்த மழைல மேல போறதுக்கு வண்டியே வராதுங்க. நடந்தா செம்மேடு போகவே பொழுது எறங்கிரும்."

"போன் எங்க எடுக்கும்?"

"நாப்பத்தஞ்சாவது வளைவுக்கு எறங்கோணும். அங்கதான் கீழ இருக்கற டவர் கெடைக்கும்."

தம்பிகளா, உங்களை இந்த இடத்தில் நிறுத்தித்தான் ஒன்று கேட்க வேண்டும். காலும் மனசும் மேலே ஓடு என்கிறது. ஓடினால் ஒன்றரை மணி நேரம். புத்தி, கீழே போ, போன் கிடைக்கும் என்கிறது. கீழே போவது என்றால் அவளை விட்டு இன்னும் தள்ளிப் போவது. நான் கீழே போவது என்று முடிவு செய்தேன். முடிவு செய்துவிட்டேன் என்று சொல்வது எளிது. பஸ் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவாகத் திரும்பும்போதும், தப்புப் பண்ணுகிறாய், தப்புப் பண்ணுகிறாய் என்று உள்ளே ஒருத்தன் கத்திக்கொண்டே இருந்தான். வளைவுப் பலகையின் எண்களை எண்ணிக்கொண்டு, தெரிந்த துஆ எல்லாம் ஓதினேன். பாதியில் வார்த்தை மறந்து மறந்து போனது.

நாற்பத்தாறாவது வளைவில் இரண்டு கோடு வந்தது. நான் சொல்லாமலே டிரைவர் ஓரம் கட்டினார். வெள்ளையனுக்குப் போட்டேன். சுவிட்ச் ஆஃப். ரஞ்சிதத்துக்குப் போட்டேன். சுவிட்ச் ஆஃப். என் பேச்சை அப்படியே தட்டாமல் கேட்டிருக்கிறார்கள்!

அப்போதுதான் மேலே இருக்கிற லைன்மேன் ஞாபகம் வந்தார். அவர் மகள் கல்யாணத்துக்கு ரேடியோ செட் நம் கடையிலிருந்துதான் போனது. போட்டேன். நாலு தடவை மணி அடித்த பிறகு எடுத்தார்.

"சாமி, வெள்ளையன் ஊருக்குப் போற லைன உடனே ஆஃப் பண்ணுங்க."

"எதுக்குங்க பாய்? மழைல ஊரையே இருட்டாக்கிட்டு, கேக்கறவங்களுக்கு நான் என்னுங்க பதில் சொல்றது?"

இந்த இடத்திலும் என் நாக்கு ஒரு குறுக்குவழி தேடியது, கேளுங்கள். காட்டில் கம்பி அறுந்து கிடக்கிறது என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். என் பெயர் கெடாது. நல்லவேளை, அடுத்த நொடியே உறைத்தது. அப்படிச் சொன்னால் மனுஷன் முதலில் கம்பியைத் தேடித்தான் போவார், காட்டுக்கும் மேட்டுக்கும் அலைவார். பஸ்ஸில் மலையின் நாலு ஊர் ஜனமும் உட்கார்ந்திருந்தது. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு செம்மேட்டுச் சந்தையில் இதுதான் பேச்சாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும் என்று கத்தியே சொன்னேன்.

"நான் தப்புப் பண்ணிட்டேன் சாமி. எர்த் வயர வெட்டி உட்டுட்டு வந்துட்டேன். மைக்குல கரண்டு இருக்குது. அந்தப் புள்ள ஈரத்தோட நின்னு பாடப் போகுது. தொட்டா செத்துப் போயிரும்."

பக்கத்தில் இருந்த அம்மா "அட சாமி!" என்று வாயில் அடித்துக்கொண்டார். லைன்மேன் வேறு ஒன்றுமே கேட்கவில்லை. "டிரான்ஸ்ஃபார்மருக்குப் போக அஞ்சு நிமிஷம் ஆவுமுங்க, வாரேன்" என்றார். லைன் அறுந்துவிட்டது.

ஐந்து நிமிஷம். ஒரு பாட்டின் நீளம் எவ்வளவு என்று நம் தொழிலில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கீழே இருந்து ஒரு டெம்போ காலிச் சாக்குகளோடு ஏறி வந்தது. பஸ் டிரைவர் இறங்கிக் கை காட்டி நிறுத்தி என்னை ஏற்றிவிட்டார். மேலே போகப் போக மூடுபனி. வண்டிக்கு முன்னால் பத்தடிதான் தெரிந்தது. போனில் மறுபடியும் கோடு போய்விட்டது. லைன்மேன் போனாரா, வழியில் மரம் விழுந்து நின்றாரா, ஃபியூஸைப் பிடுங்கினாரா, ஒன்றும் தெரியாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே போனேன். டெம்போக்காரர் ஏதேதோ கேட்டார். நான் என்ன பதில் சொன்னேனோ, எனக்கே தெரியாது. என் பெண்ணுக்கும் ரஞ்சிதம் வயதுதான். அது மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

வெள்ளையன் வீட்டு முன்னால் ஒரே கூட்டம்.

மழையில் ஒரு வீட்டு வாசலில் கூட்டம் நின்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். டெம்போவின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஓரடி எடுத்து வைக்க முடியவில்லை. அப்போது கூட்டத்துக்குள்ளே இருந்து ஒரு பெண் குரல் கணீரென்று கேட்டது.

"வருசம் முச்சூடும் ஒழுங்கா இருக்குது, நான் பாடப் போற நேரம் பாத்துத்தான் கரண்டப் புடுங்கோணுமா?"

அல்ஹம்துலில்லாஹ். அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். ஐம்பத்தொன்பது வயது ஆண்பிள்ளை, அத்தனை பேர் முன்னால் தேம்பித் தேம்பி அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ரஞ்சிதம் ஈரச் சேலையோடு ஓடி வந்தாள். "பாய்! என்னுங்க ஆச்சு? ஊட்டுல யாருக்காச்சும் ஏதாச்சுங்களா?"

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளையனுக்கு முகம் கறுத்தது. என் சட்டையைப் பிடிக்க வந்தவரை லைன்மேன்தான் இழுத்து நிறுத்தினார். ரஞ்சிதம் மட்டும் நம்பவில்லை. "மைக்கு போயி ஆளக் கொல்லுங்களா?" என்றாள். எல்லோரையும் ரூமுக்கு வெளியே நிறுத்திவிட்டு, லைன்மேனை அனுப்பிக் கரண்டைப் போடச் சொன்னேன். செருப்புக் காலோடு, காய்ந்த பலகை மேல் நின்று, டெஸ்டரின் முனையை மைக்கின் வலையில் வைத்தேன். டெஸ்டர் பல்பு பளிச்சென்று எரிந்தது. அவள் உதடு வைக்கவேண்டிய இடம் அது.

ரஞ்சிதம் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு அந்த வெளிச்சத்தையே பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"சாமியக் கும்பிட்டுப் போட்டு, மைக்க எடுக்கறதுக்குக் கைய நீட்டுனனுங்க. அப்பத்தான் கரண்டு போச்சுங்க." என் பக்கம் திரும்பி, "அவருக்கு அப்பவே சுருக்குன்னுச்சுங்களே பாய். நீங்கதானுங்களே புது சாமான் அப்படித்தான்னீங்க" என்றாள்.

அடி வாங்கியிருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. திட்டினவர்களை எல்லாம் மறந்துவிட்டேன். திட்டாமல் கேட்ட அந்த ஒரு வார்த்தை இன்றைக்கும் குத்துகிறது. கஸ்டமர் "சுருக்கென்றது" என்று சொன்னால், பஸ் போகட்டும், மழை கொட்டட்டும், உட்கார்ந்து தேடுங்கள். அவர் தொழில் தெரியாதவர்தான், ஆனால் விரல் அவருடையது.

அடுத்த வாரம் மறுபடியும் போனேன். பழைய ஆம்ப்பைத் தலைமுழுகியாயிற்று. வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, பைப் இறக்கி, புதிதாக எர்த் போட்டோம். கரண்டு கசிந்தால் தானே கட்டாகிற டிரிப்பர் ஒன்றும் மாட்டினோம். சின்னதாக ஒரு ஜோடி புது ஸ்பீக்கர் வைத்தோம். டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், மீட்டர் வைத்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. இரைச்சலும் இல்லை. "இப்பப் பாடு கண்ணு" என்றேன்.

சமுக்காளத்தைச் சுருட்டி வெளியே வைத்திருந்தார்கள். தரையைக் கழுவியிருந்தார்கள். ரஞ்சிதம் ஈரச் சேலையோடு வாசற்படியில் நின்றாள். உள்ளே வரவில்லை. மைக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீங்க மொதல்ல புடிங்க பாய். செருப்பக் கழட்டிப்போட்டு, இந்த ஈரத்துல நின்னு, வாயக் கிட்ட வெச்சுப் புடிங்க. அப்பறம் நான் புடிக்கறன்."

மீட்டர் சொல்லிவிட்டது. பைப் மண்ணுக்குள் இருக்கிறது. டிரிப்பர் இருக்கிறது. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் செருப்பைக் கழற்றி, அந்தச் சில்லென்ற தரையில் கால் வைத்தபோது என் உடம்பு ஆடின ஆட்டம் இருக்கிறதே, சொல்லி முடியாது. அவளை எதில் நிறுத்திவிட்டுப் போனேன் என்பது என் உள்ளங்காலுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கலிமா சொல்லிக்கொண்டு மைக்கைப் பிடித்தேன். உதட்டில் வைத்தேன். குளிர்ந்த இரும்பு வாசனை. வேறு ஒன்றும் இல்லை.

அவள் காதில் விழட்டும் என்று மைக்கில் ஒரு வார்த்தை சொன்னேன். குரல் உடைந்து நடுங்கித்தான் வந்தது. மிக்ஸரில் வெள்ளையன் ஏற்கெனவே பதிவைப் போட்டுவிட்டிருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கடையில் ஸ்பீக்கர் சோதித்துப் பார்க்க நீங்கள் தினமும் ஒரு பாட்டுப் போடுகிறீர்களே, ரஞ்சிதத்தின் சாமி பாட்டு. அதன் தொடக்கத்தில் ஒரு கிழட்டுக் குரல் நடுங்கிக்கொண்டு, "ஒண்ணுமில்ல கண்ணு, நீ வா" என்று சொல்லும். அதை வெட்டிவிடலாமே, அசிங்கமாக இருக்கிறதே என்று உங்களில் ஒருத்தர் என் மருமகனிடம் கேட்டாராம். ரஞ்சிதத்திடம் நானும் கேட்டுப் பார்த்தேன். "அது இருந்தாத்தானுங்க பாய் எனக்குப் பாட வருது" என்றுவிட்டாள். அதனால் அது அப்படியே இருக்கட்டும்.